பாட்டுக் கொப்பிகளைத் தேடி

வியாழன், வெள்ளவத்தை

இரவு பஸ் விடியப்புறம் காலி வீதியில் இறக்கிவிட்டுப் போனது. பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஏசி குளிர், முன் சீற்றில் இருந்தவர் அனுராதபுரம் தாண்டியும் கைபேசியில் சத்தமாகப் படம் பார்த்தார். மச்சாள் வீட்டில் குளித்து, இடியப்பமும் சொதியும் சாப்பிட்ட பிறகுதான் கொழும்புக்கு வந்தது போல இருந்தது.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் பாடகர் குழுவை நான் நடத்துகிறேன். கோயில் விழாவுக்கு ஒரு பாட்டுப் புத்தகம் போடுவதாக முடிவாகி, பழைய பாட்டுகளைச் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. குருமார் எழுதிய பாட்டுகளின் கீழே பெயர் இருக்கிறது. ஊர்ப் புலவருக்கும் கூத்து அண்ணாவியாருக்கும்கூடப் பெயர் இருக்கிறது. பெயரில்லாமல் கிடக்கும் பாட்டுகளைப் பற்றி வயதானவர்களைக் கேட்டால், "அது மடத்துச் சிஸ்டர்மார் பழக்கினது" என்கிறார்கள். எந்தச் சிஸ்டர் என்று கேட்டால், "அப்ப இருந்த சிஸ்டர்" என்று பதில் வருகிறது. அதற்குமேல் ஒருவருக்கும் தெரியாது.

அப்படி 'அப்ப இருந்த' சிஸ்டர்களில் ஒருவர் என் சின்னம்மா, அம்மாவின் தங்கை. வடக்கில் பல மடங்களில் சங்கீதம் படிப்பித்துவிட்டு, இப்போது பொரளைப் பக்கத்தில் முதிய சிஸ்டர்மார் இருக்கும் ஒரு மடத்தில் இருக்கிறார். அவரிடம் ஒரு தகரம் நிறையப் பாட்டுக் கொப்பிகள் இருப்பதாக அம்மா சொன்னார். இன்று மடத்தில் தியான நாள், நாளைக்கு வா என்று சொல்லிவிட்டார்கள்.

சும்மா இருக்க மனமில்லாமல் 57ஆம் ஒழுங்கைக்கு நடந்தேன். அங்கே இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இல் தொடங்கியது. நூலகத்தில் உட்கார்ந்தால் வெளியே காலி வீதி இருப்பதே மறந்துவிடும். இலங்கைக் கத்தோலிக்கர் தமிழுக்குச் செய்தது என்று தேடினால் வரிசையாக வருவது குருமார் பெயர்கள். 1705இல் கோவாவிலிருந்து வந்து, சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்த யாக்கோமே கொன்சால்வெஸ். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' இதழைத் தொடங்கிய தனிநாயகம் அடிகள். 1965இல் திருமறைக் கலாமன்றத்தை நிறுவிய மரிய சேவியர் அடிகள். பெரிய ஆட்கள்தான், ஒருவரையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்த தட்டுகளில் ஒரு கன்னியாஸ்திரியின் பெயர்கூட அகப்படவில்லை.

பிரான்சின் போர்தோவிலிருந்து திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கியது 1862இல். நல்லாயன் கன்னியர் கொழும்புக்கு வந்தது 1869இல். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இந்த நாட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பாட்டும் பியானோவும் தையலும் நாடகமும் பழக்கியவர்கள் ஒன்றுமே எழுதாமல் இருந்திருப்பார்களா? எழுதினார்கள். பள்ளி ஆண்டுவிழாவுக்கு நாடகம், ஆயர் வருகிறார் என்றால் வரவேற்புப் பாட்டு, மடத்துத் தலைவியான மதரின் நாமவிழாவுக்கு வாழ்த்து, முதல்நன்மைப் பிள்ளைகளுக்கு ஒரு கும்மி. தேவை வந்த அன்று எழுதுவது, விழா முடிந்த அன்று அதோடு போய்விடும். அச்சுக்குப் போகாத எழுத்து நூலகத்துக்கு எப்படி வரும்?

வெள்ளி, பொரளை

சின்னம்மா வாசலிலேயே நின்றார். எண்பதைத் தாண்டிவிட்டார், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

"என்ன பிள்ளை, மெலிஞ்சு போனாய். சாப்பிட்டனியே?"

"ஓம் சின்னம்மா."

"பொய் சொல்லாதை. வா."

பாணும் சம்பலும் முடியும்வரை கொப்பியைப் பற்றிப் பேச விடவில்லை. பிறகு கொண்டுவந்தார்: ஒரு பழைய பிஸ்கற் தகரம். உள்ளே சி.ஆர். கொப்பிகள், கலண்டர் தாளில் உறை போட்டவை. ஒரு கொப்பி ஈரத்தில் ஊதி, மூட முடியாமல் இருந்தது. 1995 ஐப்பசியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமமே ஒரே இரவில் எழும்பி நடந்தபோது மழையில் நனைந்தது.

"அந்த இடப்பெயர்விலை கொப்பியையோ தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?"

"உடுப்பைச் சபை தரும். பாட்டு ஆர் தாறது?"

கொப்பியில் பாட்டுக்கு மேலே ராகம், தாளம். வரிகளின் தலைக்கு மேல் ஸ ரி க ம. ஓரத்தில் 'சாம்பல் புதன்', 'பாஸ்கா 3', 'மழைக்காக' என்று சின்ன எழுத்தில் குறிப்பு. எந்தப் பக்கத்திலும் பெயர் இல்லை.

இவ்வளவு பாட்டு ஏன் தேவைப்பட்டது என்று அவர் சொன்ன கதை எனக்குப் புதிது. அவர் சபைக்குள் போன காலத்தில் பூசை இலத்தீனில். 'மிஸ்ஸா தே ஆஞ்ஜெலிஸ்' என்ற இலத்தீன் பூசைப் பாட்டுத் தொகுதி முழுவதும் அவருக்கு இன்றைக்கும் மனப்பாடம். நான்கு கோட்டில் சதுரச் சுரங்களாக இருக்கும் அந்தப் பழைய எழுத்தை வாசிக்கவும் தெரியும். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடம் கொடுத்தது. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் தமிழில் பாட்டு வேண்டும், திருப்பாடலுக்குச் சனம் திரும்பத் திரும்பப் பாடும் பதிலுரை வேண்டும், அல்லேலூயா வேண்டும். யார் செய்வது? குருவானவருக்கு நாலைந்து கோயில். "சிஸ்டர், வாற கிழமைக்கு ஒண்டு போட்டுத் தாங்கோ" என்று பள்ளிக்கூடத்துச் சங்கீத சிஸ்டரிடம் சொல்லிவிடுவார்கள். சனிக்கிழமை இரவு எழுதி ஞாயிறு காலை பழக்கிய பாட்டுகள் இந்தக் கொப்பியில் நிறைய.

அவர் சங்கீதம் படித்தது ஒரு சைவ ரீச்சரிடம். "அவ திருநீற்றோடை, நான் முக்காட்டோடை, நடுவிலை ஒரு வீணை" என்று சிரித்தார். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளை ஒவ்வொரு தரமாக எழுதி ஆசிரியர் தரம்வரை போயிருக்கிறார். மடத்தில் ஆரம்பத்தில் சிலருக்கு இது பிடிக்கவில்லையாம். ஓர்கன் இருக்க வீணை எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு மதர் மட்டும் காசும் கொடுத்து, கிழமைக்கு ஒருநாள் பள்ளி வேலையிலிருந்து விடுதலையும் கொடுத்தார்.

கோயில் பாட்டுக்கு அவர் வைத்திருக்கும் விதிகளை நான் எழுதிக்கொண்டேன், பாட்டு எழுதும் எவருக்கும் உதவும். "கோயில்ச் சனம் கச்சேரிக்கு வாறேல்லை. ஒருக்காக் கேட்டவுடனை பாட வேணும்." ஆகவே பதிலுரை எட்டுப் பத்துச் சொல்லுக்குள் முடிய வேண்டும். சுருதி ஒன்று, மிஞ்சினால் ஒன்றரைக் கட்டை. பெண்கள் கச்சேரியில் ஐந்து, ஐந்தரை என்று வைப்பதை இங்கே வைத்தால் ஆண்கள் பாதிப்பேர் திண்டாடுவார்கள். கீழ் ஸட்ஜத்துக்கும் (ஸ) மேல் ஸட்ஜத்துக்கும் நடுவில் மெட்டு நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் பின்வாங்கில் இருக்கும் ஆச்சிமார் வாயை மூடிவிடுவார்கள், பிறகு அந்தப் பூசை முடியும்வரை திறக்க மாட்டார்கள்.

ராகத் தெரிவிலும் ஒரு தெளிவு உண்டு. நத்தார் தாலாட்டு நீலாம்பரி. பாஸ்கா என்ற உயிர்ப்பு விழாவின் அல்லேலூயா மோகனம். பெரிய வெள்ளிக்கு மட்டும் அவர் ராகம் தேடவில்லை. கொன்சால்வெஸ் இயேசுவின் பாடுகளைப் பற்றி எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை ஊரில் தவக்காலத்தில் படிக்கும் அந்த ஒப்பாரி மெட்டையே எடுத்து, புதிய வரிகளை அதற்குள் வைத்திருக்கிறார். "அதை மிஞ்சின அழுகை எந்த ராகத்திலை கிடக்கு?"

மோகனத்தில் வந்து சண்டை பிடித்தோம். மோகனத்தில் ஸ ரி க ப த மட்டும்தான். மத்திமமும் (ம) நிஷாதமும் (நி) கிடையாது. ஸட்ஜத்தை சி என்று வைத்தால், எஃப் மேஜர் கோர்ட்டுக்குள் (சேர்த்து அடிக்கும் மூன்று சுரங்களுக்குள்) மத்திமம் இருக்கிறது, ஜி மேஜருக்குள் நிஷாதம் இருக்கிறது. ராகத்துக்குள் முழுதாக நிற்பவை சி மேஜரும் ஏ மைனரும்தான். நம் கீபோர்ட் பெடியளுக்கோ சி, எஃப், ஜி மூன்றும் இல்லாவிட்டால் கை ஓடாது. "மோகனத்தைக் கொண்டுபோய் பாண்ட் வாத்தியத்துக்கை விட்டிடுவாங்கள்" என்றார். என் குழுவிலும் அதே கதைதான். உண்மையைச் சொன்னால், இரண்டாம் வரியில் அந்த எஃப் வந்து விழும்போது எனக்குப் பிடிக்கும். அதை அவரிடம் சொல்லவில்லை.

கொப்பிகளைப் புரட்டப் புரட்ட ஒரே கையெழுத்து இல்லை என்பது தெரிந்தது. சாய்ந்த எழுத்து ஒன்று, உருண்டை எழுத்து ஒன்று, அச்சுப் போல ஒன்று.

"இதெல்லாம் சின்னம்மா எழுதினதோ?"

"சிலது."

"எது எது?"

"அது ஏன் உனக்கு?"

செபத்துக்கு மணி அடித்தது. ஓய்வுபெற்றவர்களின் மடத்திலும் மணிதான் எசமான். காலைச் செபம், பூசை, மதியச் செபம், மாலைச் செபம், இரவுச் செபம். வேலை செய்த காலத்தில் நடுவில் பள்ளிக்கூடம், விடுதிப் பிள்ளைகள், திருத்த வேண்டிய கொப்பிகள். ஒரு பாட்டுக்கு நீளமான காலம் எங்கே இருந்திருக்கும்? அந்தக் கொப்பிகளில் எட்டு வரி, பன்னிரண்டு வரிப் பாட்டுகளே அதிகம் இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கூடவே மாற்றல். சில வருடங்களுக்கு ஒருமுறை வேறு மடத்துக்குப் போ என்று கடிதம் வரும். துணிப்பெட்டியோடு போய்விட வேண்டும். பாடகர் குழுவும் பாட்டும் அந்த ஊரிலேயே நிற்கும். அடுத்து வரும் சிஸ்டர் அதே பாட்டைப் பழக்குவார். பத்து வருடத்தில் அது ஊர்ப்பாட்டு ஆகிவிடும்.

சனி, கொட்டாஞ்சேனை

மடத்தில் இன்று எல்லோருக்கும் வைத்தியர் வரும் நாள், ஆகவே நான் வடக்குப் பக்கம் போனேன். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய் மாதிரிச் சனம் இல்லை, ஆனாலும் மெழுகுதிரிக் கடைகளில் கை ஓயவில்லை. எனக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டவர் குங்குமம் வைத்திருந்தார், அவருக்கு அப்பால் ஒரு சிங்கள அம்மா. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று இங்கே நடந்த குண்டுவெடிப்பை இந்த இடத்தில் நின்று எழுத எனக்கு வார்த்தை வராது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு ஓட்டோ பிடித்தேன்.

சாந்த லூசியா பேராலயத்தின் பெரிய குவிமாடத்தைச் சுற்றிப் பள்ளிகளும் மடங்களும். நல்லாயன் கன்னியர் கொழும்பில் முதலில் கால் வைத்த பகுதி இது. நான் தேடிப் போனது இந்தப் பக்கத்தில் வேறொரு சின்ன மடத்தை. அங்கே பூசை உடுப்புத் தைக்கும் சிஸ்டர் ஒருவர் இருக்கிறார், துறவுப் பயிற்சியான நொவிசியேற்றில் சின்னம்மாவின் தோழி.

அவருடைய அறையில் பூசை உடுப்புகள் காலத்துக்கொரு நிறமாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. திருவருகைக் காலத்துக்கும் தவக்காலத்துக்கும் ஊதா, வேதசாட்சிகளுக்கும் பெந்தகோஸ்துக்கும் சிவப்பு, பெருவிழாக்களுக்கு வெள்ளையும் பொன்னும், சாதாரண காலத்துக்குப் பச்சை. ரோஸ் நிறம் வருடத்தில் இரண்டே ஞாயிறுக்கு, திருவருகைக் கால மூன்றாவது, தவக்கால நான்காவது. "வருசத்துக்கு ரெண்டு நாள் போடுறதுக்கு இவ்வளவு வேலையா எண்டு கேட்டால் நான் என்ன சொல்ல?" என்று கேட்டுவிட்டு, நெற்கதிரும் திராட்சையும் தைத்த ஒரு ரோஸ் உடுப்பை விரித்தார். கோதுமைக்குப் பதில் நெல். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, வன்னியில் இருந்த காலத்தில் யன்னலுக்கு வெளியே வயல் இருந்ததாம்.

மடங்களில் ஊசிவேலை சும்மா பொழுதுபோக்காக வந்ததில்லை. சமைக்கவும் விளக்கெரிக்கவும் காசு வேண்டும். லேஸ், பூவேலை, பூசை உடுப்பு, நற்கருணை அப்பம் என்று கையால் செய்து விற்றுத்தான் எத்தனையோ மடங்கள் தின்றன. இப்படிக் கூலிக்குச் செய்ததால்தான் அதைக் கைவேலை என்கிறோம். அதையே ஒருவர் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு பார்ன்ஸ் பிளேஸ் கலைக்கூடத்தில் மாட்டினால் ஓவியம் என்போம்.

உடுப்பின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். தையல் தெரிந்தவர்கள் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். முடிச்சு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆனால் கீழ் மடிப்புக்குள் சின்னதாக இரண்டு எழுத்து தைத்திருந்தது.

"சிஸ்டரின்ரை பேரோ?"

"ஓம்."

எனக்கு ஒரே சந்தோசம். கடைசியில் ஒருவராவது பெயர் போட்டிருக்கிறார்!

"தோய்க்கக் குடுத்தால் மாறிப்போகும் பிள்ளை" என்றார்.

ஞாயிறு, வெள்ளவத்தையும் பொரளையும்

காலையில் வெள்ளவத்தையில் தமிழ்ப் பூசை. பாடகர் குழுவில் பெண்களே அதிகம், கீபோர்டில் ஒரு பெடியன், மூன்று கோர்ட். குறை சொல்ல வரவில்லை, நன்றாகவே பாடினார்கள். ஆனால் அந்த வாங்குகளைப் பார்த்தபோது ஒரு விசயம் நினைவுக்கு வந்தது. 1903 நவம்பர் 22இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் கோயில் இசை பற்றி விட்ட அறிக்கையில், பாடகர் பணி வழிபாட்டுப் பணி, அதற்குப் பெண்கள் தகுதியற்றவர்கள், ஆகவே குழுவில் சேர்க்கக்கூடாது என்று எழுதியிருந்தார். அந்தத் தேதி இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியின் திருநாள். செசிலி ஒரு பெண்! 1955இல்தான் பன்னிரண்டாம் பத்திநாதர் சில நிபந்தனையோடு கதவைத் திறந்தார்.

பின்னேரம் மடத்தில் பொழுதுபோக்கு நேரம். ஞாயிறு என்பதால் கேக் இருந்தது. இளம் சிஸ்டர் ஒருவர் வந்திருந்தார், திருச்சியில் கலைக்காவிரியில் பரதம் படித்தவர். (கலைக்காவிரி 1977இல் ஒரு குருவானவர் தொடங்கிய நுண்கலைக் கல்லூரி; தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.) சலங்கை கட்டிய சிஸ்டர் என்றால் ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "முதல்லை கதைச்சவை. பிறகு தங்கடை பிள்ளையளைக் கொண்டுவந்து விட்டவை" என்றார்.

நான் ஹில்டெகார்ட் கதையை எடுத்தேன், அது முதிய சிஸ்டர்மாருக்கும் பிடித்துப்போனது. 1098இல் ஜெர்மனியில் பிறந்த பெனடிக்டன் கன்னியர். எழுபதுக்கு மேற்பட்ட இசைப்பாடல்கள், மருத்துவ நூல், தான் கண்ட தெய்வக் காட்சிகளைச் சொல்லும் நூல்கள் என்று இந்த ஆள் செய்யாத வேலை இல்லை. அவர் எழுதிய 'ஓர்டோ விர்த்தூத்தும்' என்ற இசைநாடகத்தில் நற்பண்புகள் எல்லாம் பாடும், ஆன்மா பாடும், சாத்தானுக்கு மட்டும் பாட்டே கிடையாது, கத்த மட்டும்தான் முடியும். "அது சரியான தண்டனை" என்றார் சின்னம்மா.

ஹில்டெகார்டின் கடைசிக் கால வழக்கைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1178இல், திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டிருந்த ஒருவரை மடத்துக் காணியில் அடக்கம் செய்தார் என்று மைன்ஸ் நகரத்துக் குருமார் அவருடைய மடத்துக்குத் தடை போட்டார்கள். பூசை இல்லை, பாட்டு இல்லை, செபத்தை மெதுவாக வாசிக்க மட்டும் அனுமதி. அந்த மனிதர் சாகும்முன் மன்னிப்புப் பெற்றவர் என்பது இவருடைய வாதம். எண்பது வயதில் உட்கார்ந்து அவர்களுக்குக் கடிதம் எழுதினார்: சாத்தான் மனிதரை இசையிலிருந்து பிரிக்கப் பார்க்கிறான், கடவுளின் புகழ்ப் பாட்டைத் தடுப்பவர்கள் அதை யோசிக்க வேண்டும் என்று. அடுத்த வருடம் தடை நீங்கியது, அதே வருடம் புரட்டாதியில் அவர் இறந்தார். 2012இல்தான் திருச்சபை அவரைத் திருச்சபைக்கே போதகரான மறைவல்லுநர் என்று அறிவித்தது. எண்ணூறு வருடத்துக்கு மேல் பிந்தி.

இப்படியே பேச்சு நீண்டது. மெக்சிக்கோவில் கவிஞரான கன்னியர் சோர் குவானா, படிக்கவும் எழுதவும் பெண்ணுக்கு உள்ள உரிமைக்காக 1691இல் எழுதிய பதில் கடிதம். இத்தாலியில் 1693இல் வயலின் சொனாட்டாக்களை அச்சில் கொண்டுவந்த உர்சுலைன் கன்னியர் இசபெல்லா லெயொனார்தா. குழந்தை தெரேசம்மாள் மடத்துக்குள் நாடகம் எழுதி, தானே ஜோன் ஆஃப் ஆர்க் வேடம் கட்டியவர் என்பது இரண்டு சிஸ்டர்மாருக்குத் தெரியவில்லை, பெரிய சிரிப்பு. பக்கத்து மலையாளத்தில் சிஸ்டர் மேரி பெனிஞ்ஞா, 1928இல் மடத்துக்குள் போகும் முன் உலகத்துக்கு விடை சொல்லி எழுதிய கவிதையை இன்றும் அறிந்தவர்கள் உண்டு.

"பார்த்தீங்களோ, எல்லாருக்கும் பேர் இருக்கு" என்றேன்.

சின்னம்மா கேக் துண்டை என் பக்கம் தள்ளினார். "உனக்கு அதுதான் பிரச்சினை. பாட்டு நிண்டால் போதாதே?"

இளம் சிஸ்டர் என் பக்கம். தான் நடன அமைப்புச் செய்த நிகழ்ச்சியின் அழைப்பிதழில் சபையின் பெயர் மட்டும் போட்டிருந்ததாகச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னார்.

திங்கள், பொரளை

காலையிலேயே போய்விட்டேன். மடத்துத் தலைவி கொப்பிகளைப் போட்டோக்கொப்பி எடுக்க அனுமதி தந்தார். பெயர் விடயத்துக்குச் சபையின் மாகாணத் தலைவியிடம் கேட்க வேண்டும், இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் அறிவிக்க வேண்டும், அதுவரை எங்கும் போடாதீர்கள் என்றார். நியாயம்தான். பெயர்களுக்காக இவ்வளவு வாதாடுகிற இந்தப் பதிவில் ஒரு பெயரும் இல்லாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான், கேலி செய்யாதீர்கள்.

சின்னம்மாவின் மறுப்பு வேறு வகை. பணிவு, கீழ்ப்படிதல், சபைக்கு எழுதியது சபைக்குச் சொந்தம். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பெயரில்லாமல் எழுதுவது ஒரு சிஸ்டரின் தவமாக இருக்கலாம். அதையே சாட்டாக வைத்து 'கன்னியர் ஒன்றும் எழுதவில்லை' என்று மற்றவர்கள் வரலாறு எழுதுவது தவம் ஆகாது. இதைச் சொன்னபோது அவர் யன்னலைப் பார்த்தார். என் வாதம் வேலை செய்யவில்லை.

பிறகு கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினேன். புளோரன்சில் 16ஆம் நூற்றாண்டில் இருந்த டொமினிக்கன் கன்னியர் பிளவுத்தில்லா நெல்லி வரைந்த கடைசி இராப்போசனம். ஏழு மீற்றர் நீளத்துக்குக் கிட்ட. வரையப் பழகப் பட்டறைக்குப் போக முடியாத காலம்; பெண்களுக்கு ஆண் உடலை மாதிரி வைத்து வரைய இடமில்லை. மடத்துச் சாப்பாட்டறைக்கு வரைந்தார். நீண்ட காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்து, திருத்தப்பட்டு 2019இல்தான் சாந்தா மரியா நொவெல்லா அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். படத்தில் அவர் பெயர் எழுதி, பக்கத்தில் இலத்தீனில் மூன்று சொல்: 'ஓராத்தே ப்ரோ பிக்தோரா'.

இலத்தீன் என்றதும் சின்னம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டார். வாசித்தார்.

"ஓவியக்காரிக்காக மன்றாடுங்கள்."

"பெருமைக்குப் பேர் போடேல்லைச் சின்னம்மா. செபம் கேட்கிறா."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தகரத்தைத் தன் பக்கம் இழுத்தார். "பென்சில் இருக்கோ?"

மத்தியானம்வரை எழுதினோம். சாய்ந்த எழுத்து இன்ன சிஸ்டர், மன்னாரில் இறந்தவர். உருண்டை எழுத்து இன்னார், பிரெஞ்சுக்காரச் சிஸ்டரிடம் ஓர்கன் பழகியவர், அதனால்தான் அவருடைய மெட்டுகளுக்குக் கீழே இரண்டாம் குரலும் எழுதியிருக்கிறது. எழுத்து ஒருவருடையது, மெட்டு வேறொருவருடையது என்று சில. தாளத்தை வைத்தே ஆளைச் சொன்னார்: "மிஸ்ர சாப்பு எண்டால் அவதான். அந்த ஏழெண்ணித் தாளத்தை எங்கையாவது செருகாட்டி அவவுக்கு நித்திரை வராது." ஒவ்வொரு பெயர் சொன்னதும் சிலுவை போட்டு ஒரு சின்னச் செபம். ஆகவே வேலை மெதுவாகத்தான் நடந்தது.

அவருடைய பாட்டுகள் வந்தபோது பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

"இது?"

"செத்தவைக்குத்தான் செபம் அவசரம். நான் இருக்கிறன்தானே. பிறகு போடு."

அதற்கு மேல் என்னால் வாதாட முடியவில்லை. ஆனால் மோகனத்தில் இருந்த எந்தப் பாட்டுக்கும் அவர் யார் பெயரையும் சொல்லவில்லை என்பதைக் கவனித்து வைத்திருக்கிறேன்.

போட்டோக்கொப்பிக் கடையில் நனைந்த கொப்பிக்கு மட்டும் அரை மணித்தியாலம் போனது. இரவு பஸ்ஸுக்கு வெள்ளவத்தையில் நிற்கும்போது மடத்து நம்பரிலிருந்து அழைப்பு.

"பிள்ளை, அந்த நீலாம்பரித் தாலாட்டு. வரி மட்டும்தான் நான் சொன்ன சிஸ்டர். மெட்டுச் சொல்லித் தந்தது என்ரை வீணை ரீச்சர். அவவின்ரை பேரையும் எழுது."

"அவ சைவமெல்லே. மாகாணத் தலைவி என்ன சொல்லுவா?"

"அதை நான் கேட்கிறன். நீ எழுது."

எழுதிவிட்டேன். அனுமதி வந்ததும் பாட்டுகளைச் சுரத்தோடு அனுப்பலாம் என்று இருக்கிறேன். வேண்டிய பாடகர் குழுக்கள் சொல்லுங்கள். ஒரு நிபந்தனை சின்னம்மா போட்டது: மோகனத்துக்கு எஃப் மேஜர் போடும் கீபோர்ட்காரருக்குக் கொடுக்கக்கூடாதாம்.